மஞ்சள் துணி கட்டிய டிரக்

ஆரல்வாய்மொழியில் காற்றாலை ஏறிப் பழகிய தேவதாஸ், டெக்சஸின் தென்கோடியிலும் அதே வேலையைத்தான் பார்த்தார். எழுபத்திரண்டு காற்றாலைகள். சுற்றிலும் மாடு மேயும் வெறும் நிலம். நாற்பது மைலில் மெக்சிகோ எல்லை. மனைவி ஜெயலீலா சான் அந்தோனியோவில் நர்ஸ் என்பதால் வாரத்துக்கு ஒருமுறைதான் வீடு.

அந்தப் பக்கம் துப்பாக்கியோடு திரியும் ஒரு கூட்டம் இருந்தது. போலீஸ் அல்ல. எல்லை தாண்டி வருபவர்களை நாங்களே பிடிக்கிறோம் என்று கிளம்பியவர்கள். எந்த ஓடையை யார் காப்பது என்ற தகராறில் அது இரண்டாக உடைந்தது. வேட் என்பவனின் ஆட்கள் ஒரு பக்கம், கார்ல் என்பவனின் ஆட்கள் மறுபக்கம். முதலில் டயர்களைக் கிழித்தார்கள். பிறகு நாய்களைச் சுட்டார்கள். ஆகஸ்டில் குண்டு பட்டு ஒருவனுக்குக் கால் போனது. வட்டாரப் போலீஸ் தலைவரான ஷெரிப் இரு தரப்பிடமும் பேசிவிட்டுப் போனார்.

வேட் ஒருநாள் தேவதாஸிடம் மஞ்சள் துணி ஒன்றைக் கொடுத்தான். "டிரக்கின் பக்கவாட்டுக் கண்ணாடியில் கட்டிக்கொள். என் ஆட்கள் உன்னை நிறுத்த மாட்டார்கள்."

தினமும் வண்டியை மறித்துச் சோதித்ததில் அரைமணி நேரம் வீணாகிக்கொண்டிருந்தது. கட்டிக்கொண்டார்.

அக்டோபரில் கியர்பாக்ஸ் பரிசோதிக்க ரவுண்ட் ராக் நகரிலிருந்து இளமாறன் வந்தான். முப்பத்தொரு வயது இன்ஜினியர். மூன்றாம் நாள் காலை அவனுடைய ரென்டல் கார் பஞ்சர்.

"அண்ணே, உங்க டிரக்க எடுத்துட்டுப் போகட்டுமா? ஒரே ஒரு டவர்தான் பாக்கி. லஞ்சுக்குள்ள வந்துடுவேன்."

"எடுத்துக்கோ. போகும்போது கேட்ட மூடிரு, மாடு வெளிய போயிரும்."

கார்லின் ஆட்கள் மஞ்சள் துணியைத்தான் பார்த்தார்கள். உள்ளே இருந்தது யார் என்று பார்க்கவில்லை. போன் எடுக்கவில்லையே என்று தேவதாஸ் வேறொரு வண்டியில் தேடிப் போனபோது டிரக்கின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இளமாறன் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்திருந்தான். தேவதாஸ் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு கையை நீட்டி இன்ஜினை அணைத்தார். போலீஸ் வரும்வரை பக்கத்திலேயே நின்றார். அழுகை வரவில்லை.

இளமாறனின் மனைவி யாமினிக்கு அவர்தான் போன் செய்தார்.

"அவருக்கு அந்த ஊர்ல யாரையுமே தெரியாதேண்ணா. எதுக்கு ஷூட் பண்ணாங்க?"

"வண்டி என்னோடதும்மா," என்றார். துணியைப் பற்றிச் சொல்லவில்லை.

மறுநாளே வேட் தன் கொட்டகைச் சுவரில் இளமாறனின் பெரிய படத்தை மாட்டினான். 'எங்கள் சகோதரன்' என்று எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவன் ஆட்கள் கார்லின் முகாமுக்குள் புகுந்து சுட்டார்கள். கார்லின் ஆட்களில் ஒரு லாரி டிரைவரும் ஓய்வு பெற்ற பள்ளி வாத்தியார் ஒருவரும் செத்தார்கள்.

திங்களன்று தேவதாஸ் அந்தக் கொட்டகைக்குப் போனார். வேலைக்குப் போவதுபோலத்தான் போனார்.

"அவன் உன் ஆள் இல்லை," என்றார் வேட்டிடம். "உன் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. துணியைக் கட்டியது நான்."

"துக்கத்தில் பேசுகிறாய்," என்று வேட் தோளில் கை வைத்தான்.

தேவதாஸ் கையை விலக்கிவிட்டு, நாற்காலி போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினார். ஆறேழு பேர் துப்பாக்கியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. அவருக்குப் பயமும் இல்லை, தைரியமும் இல்லை. நேராக ஷெரிப் அலுவலகம் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார்.

வழக்கு ஒரு வருஷம் நடந்தது. வேட்டும், இளமாறனைச் சுட்டவனும் சிறைக்குப் போனார்கள். கார்ல் வழக்கிலிருந்து தப்பித்துவிட்டான். சாட்சிக் கூண்டில் தேவதாஸ் துணியைப் பற்றிச் சொன்னபோதுதான் யாமினிக்கே அது தெரிந்தது. வெளியே வராந்தாவில் அவரை நிறுத்தினாள்.

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"சொல்லியிருக்கணும்மா."

அவள் லிஃப்ட்டை நோக்கி நடந்தாள். அதன்பின் அவள் பேசவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

தேவதாஸ் இப்போது சான் அந்தோனியோவில் ஓர் அலுவலகக் கட்டிடத்தில் ஏசி பராமரிக்கிறார். மாலையில் ஜெயலீலா டீயை வைத்துவிட்டு எதிரே உட்காருவாள்.

"ஏதாவது பேசுங்களேன்."

"என்ன பேச?" என்பார். கோபமாக அல்ல. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.