பன்னிரண்டு மணிக்கு மேல் விழித்திருப்பவை

எனக்குப் பயம் வந்தால் விக்கல் வரும். மற்றவர்களுக்கு வியர்க்கும், கை நடுங்கும். எனக்கு விக்கல். விக்கினால் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்பார்கள். என் மனைவி அதைக் கொஞ்சம் திருத்தி, "இன்னிக்கு எந்த அதிகாரி நெனைக்கிறாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் எடுத்து வருவாள்.

இப்படிப்பட்ட ஒருவன் ஐந்து வருடம் ஒரு வாரப் பத்திரிகையில் புனைபெயரில் பத்தி எழுதினான், ஊருக்குள் புதிதாக வந்த எதையும் விட்டுவைக்காமல் திட்டினான் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். சனிக்கிழமை பத்திரிகையைக் கையில் எடுக்கும்போது நானே நம்பியதில்லை.

ஐம்பத்துநாலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியபோது ஊரே கூடி நின்று கை தட்டியது. நானும் தட்டினேன். ஆனால் மனம் அங்கே இல்லை. பூரோவில் என் நாற்காலி நாளைக்கும் இருக்குமா என்ற கணக்கில் இருந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் அலுவலகத்தை நாங்கள் பூரோ என்றுதான் சொல்வோம். அங்கே நான் குமாஸ்தா. மறுநாள் போய்ப் பார்த்தேன், நாற்காலி இருந்தது. சில மாதம் கழித்து, அதில் உட்கார்ந்திருப்பவன் தற்காலிகம் என்று ஒரு காகிதம் வந்தது. நிரந்தர உத்தரவு வரும்வரை நான் உட்கார்ந்திருந்தது நாற்காலியின் மேல் அல்ல, அந்தக் காகிதத்தின் மேல்தான்.

பின்னால் விவரம் தெரிந்தவர்கள் என் பத்தியைப் படித்துவிட்டு, இந்த ஆள் பழமைவாதி என்றார்கள். உண்மையில் இந்த ஆள் பயந்தவன். ஒன்றை மாற்றிவிட்டால் அடுத்தது நான்தான் என்று தோன்றும். ஆகவே எதையும் மாற்றக் கூடாது என்று எழுதினேன். அச்சில் வந்து பார்த்தபோது அது கொள்கை மாதிரியே இருந்தது. கொஞ்ச நாளில் நானும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைத் தூக்கி எறிவதற்கு முன்னால் இரண்டு தரம் கேட்க வேண்டும் என்று இன்றைக்கும் நம்புகிறேன். நான் மூன்று தரம் கேட்பேன்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்த அச்சகம் இருந்தது. அதன் முதலாளி நாலு பக்கத்தில் ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். எந்நேரமும் மூக்குப்பொடி டப்பாவும் கையுமாக இருப்பார். சாயங்காலம் பூரோ விட்டதும் அவரிடம் போய் உட்கார்ந்து புலம்புவேன். ஒருநாள் அவர் பொடியை உறிஞ்சிக்கொண்டே, "சும்மாதான பொலம்புறீங்க, அதையே எழுதிக் குடுங்க. நாலாம் பக்கத்துல ஒரு மூலை காலியாத்தான் கெடக்குது" என்றார். பத்திக்கு 'இருப்பது இருக்கட்டும்' என்று பெயர் வைத்தேன். நான் எழுதுகிறேன் என்பது அவருக்கும், அச்சுக் கோப்பவருக்கும், என் மனைவிக்கும் மட்டும் தெரியும். அரசாங்க ஊழியன் பத்திரிகையில் எழுதக் கூடாது. தற்காலிக ஊழியன் அப்படி நினைக்கவே கூடாது.

எதைத்தான் எழுதவில்லை. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியை எதிர்த்தேன். தெருப் பெயரை மாற்றினால் தபால்காரர் என்ன செய்வார் என்று கேட்டேன். எவர்சில்வர் பாத்திரம் வந்து பித்தளையைத் துரத்துகிறதே என்று ஒரு வாரம் கண்ணீர் விட்டேன். அந்த வாரமே என் மனைவி வீட்டுப் பித்தளையில் பாதியைப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கி வந்தாள். பத்தியைக் காட்டினேன். "புளி போட்டுத் தேய்க்கிறது நீங்கன்னா சொல்லுங்க, திருப்பிக் குடுத்துட்டு வர்றேன்" என்றாள். எவர்சில்வரில் சாப்பிட்டுக்கொண்டே பித்தளையைப் பற்றி இரண்டாவது பாகம் எழுதினேன்.

ஊரில் எல்லோரும் எழுதுகிறவர் கிழவர் என்றே நினைத்தார்கள். மார்க்கெட்டில் நான் வழக்கமாகக் காய் வாங்கும் அம்மாள் கத்திரிக்காய் நிறுத்துக்கொண்டே பக்கத்துக் கடைக்காரியிடம் சொன்னாள்: "எழுவது வயசாவது இருக்கும் அந்தாளுக்கு. பல்லு போயிட்டுது, அதான் எல்லாத்தையும் மென்னுக்கினே இருக்காரு." எனக்கு அப்போது நாற்பத்திரண்டு. இருக்கும் இருக்கும் என்று நானும் தலையாட்டிவிட்டுப் பையை நீட்டினேன்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஐம்பத்தெட்டில் பூரோவுக்கு ஒரு புது அதிகாரி வந்தார். வடக்கே எங்கிருந்தோ வந்தவர். தமிழ் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது, இங்கிலீஷ்தான். உள்ளூர்ப் பத்திரிகைகளில் அரசாங்கத்தைப் பற்றி வருவதையெல்லாம் திங்கட்கிழமை காலையில் இங்கிலீஷில் எழுதித் தன் மேசையில் வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். பூரோவில் பிரெஞ்சு எழுதத் தெரிந்தவர்கள் நிறைய. சொந்தமாகப் புத்தகம் வைத்துக்கொண்டு இங்கிலீஷும் படித்தவன் நான் ஒருவன்தான். வேலை என்னிடம் வந்தது.

ஆக, சனிக்கிழமை நான் அதிகாரியைத் திட்ட வேண்டும். திங்கட்கிழமை அந்தத் திட்டை அவருக்குப் புரியும் மொழியில் நானே எழுதி, நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முதல் திங்கட்கிழமை நான் குடித்த தண்ணீரில் ஒரு தென்னங்கன்று பிழைத்திருக்கும்.

வழி கண்டுபிடித்தேன். தமிழில் நான் 'கண்மூடித்தனமான உத்தரவு' என்று எழுதியதை, இங்கிலீஷில் 'இன்னும் சிந்திக்க இடமுள்ள உத்தரவு' என்று எழுதினேன். 'இவர்களுக்கு ஊரும் தெரியாது, வெயிலும் தெரியாது' என்பது, 'அதிகாரிகள் நம் ஊரை மெல்ல அறிந்துகொண்டு வருகிறார்கள்' ஆயிற்று. ஒரு வருடம் இப்படி ஓடியது. ஒருநாள் அதிகாரி காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, மற்றவர்கள் எல்லாம் கத்துகிறார்கள், இந்தப் பத்திக்காரர் ஒருவர்தான் நிதானமான மனிதர் என்றார். நன்றி சொல்ல வாயெடுத்து, இருமலாக மாற்றிக்கொண்டேன்.

நியாயமாக எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சாயங்காலம் முழுவதும் அந்த 'நிதானம்' உறுத்திக்கொண்டே இருந்தது. ஊரே பயப்படும் பேனா என்று என்னைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தேன். படிக்க வேண்டிய ஆளோ என்னைச் சாது என்கிறார். பயந்தவனுக்குக் கர்வம் வேறு இருந்தால் அதைவிட ஆபத்தான சேர்க்கை கிடையாது.

ஐம்பத்தொன்பது கோடையில் அந்தச் சுற்றறிக்கை வந்தது. எங்கள் ஊரில் உச்சிப்பொழுதில் பூரோவும் கடையும் சாத்திவிடுவார்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, முகம் கழுவிக்கொண்டு மறுபடி வருவோம். இனி அதெல்லாம் கிடையாது, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே மூச்சில் வேலை என்று புது அதிகாரி யோசனை சொல்லியிருந்தார். மற்றதையெல்லாம் நான் எதிர்த்தது பழக்கத்தில். இதை எதிர்த்தது உடம்பில். ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். பத்தி முழுக்க மத்தியானம், உச்சி வெயில் என்றுதான் வரும். கடைசி வரியில் மட்டும் எண் போட்டேன்:

'இந்த ஊரில் 12 மணிக்கு மேல் விழித்திருப்பவை 3. கடல், காக்கை, வெளியூரிலிருந்து வந்த அதிகாரி.'

ஐந்து வருடத்தில் நான் எழுதிய நல்ல வரி அது ஒன்றுதான். மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். என் எழுத்துக்கு அவள் சிரித்தது அதுவே முதல் தடவை.

திங்கட்கிழமை மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். மேலே இருந்ததிலெல்லாம் வழக்கம்போல் நீர் ஊற்றினேன். அந்தக் கடைசி வரிக்கு வந்தபோது கை கேட்கவில்லை. அதற்கு மட்டும் அரை மணி நேரம் செலவழித்து, ஒரு சொல் குறையாமல் இங்கிலீஷில் எழுதினேன். அந்த வாரம் பத்திரிகையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும், எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே.

பதினோரு மணிக்குக் கூப்பிட்டார். மேசையில் என் காகிதமும் பத்திரிகையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"எனக்குத் தமிழ் தெரியாது. எண் தெரியும்" என்றார். "உங்கள் காகிதத்தில் ஒரு 12 இருக்கிறது, ஒரு 3 இருக்கிறது. பத்திரிகையில் அவை எங்கே?"

குனிந்து பார்த்தேன். என் கடைசி வரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பல்பொடி விளம்பரம். அதில் ஒரு பெண், இருக்கிற பல் அத்தனையையும் காட்டி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். விக்கல் ஆரம்பித்தது.

அச்சில் இல்லாதது எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். படிக்கும்போது அப்படி ஒரு பொருள் தொனித்தது என்று ஒரு விக்கலுக்கும் அடுத்த விக்கலுக்கும் நடுவே சொன்னேன். அவர் அந்த வரியை இன்னொரு தடவை மெதுவாகப் படித்தார். உதடு லேசாகக் கோணியது.

"நல்ல வரிதான். இதைப் போய் ஏன் எடுத்தார்கள்?"

"விளம்பரம் கடைசி நேரத்தில் வந்திருக்கும், சார். வந்தால் எப்போதும் என் பத்தியில்தான் கை வைப்பார்கள்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. விக்கல்கூட நின்றுவிட்டது, அதற்கும் பயம் வந்திருக்க வேண்டும்.

அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்தார். என் நிரந்தர உத்தரவு அவர் மேசையில் இருக்கிறது என்றும், இந்தப் பத்தியை எழுதுவது யார் என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். "அடுத்த வாரமும் தெரியாமலே இருந்தால் கையெழுத்துப் போடுவது எனக்குச் சுலபம்" என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். மூன்று தம்ளர் தண்ணீருக்குப் பிறகு மனைவி பேசினாள். "எழுதுறத வுட்டுடுங்க. நாற்காலியப் புடிச்சிக்குங்க. எவர்சில்வர் வேணாம்னு ரெண்டு வாரம் எழுதுனீங்களே, யாரு வாங்காம இருந்தா?" பதில் எவர்சில்வரில் இருந்தது, அதில்தான் குடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே அச்சகத்துக்குப் போய், விக்கல் உட்பட நடந்ததையெல்லாம் சொல்லி, இனி எழுத முடியாது என்றேன். முதலாளி அதிர்ந்து போவார், கையைப் பிடித்துக் கெஞ்சுவார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் ஒரு சிட்டிகை பொடி எடுத்துக்கொண்டு, சரி என்றார்.

அச்சுக் கோப்பவர் முகத்தைத் திருப்பாமலே, "தலைப்ப மாத்தணுமா மொதலாளி?" என்று கேட்டார்.

"எதுக்கு? இருப்பது இருக்கட்டும்."

அச்சுக் கோப்பவர் அரியாங்குப்பத்திலிருந்து தினமும் பாலம் தாண்டி சைக்கிளில் வருகிறவர். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து ஈய எழுத்துக்கு வந்தவர். அடுத்த வாரத்திலிருந்து அவர் என் புனைபெயரில் எழுதினார். எழுதினார் என்பதே தப்பு. காகிதம் கிடையாது, பேனா கிடையாது. நின்றபடி எழுத்தை எடுத்து எடுத்து நேராகக் கோத்துவிடுவார். இது எப்படி வரும் என்று கேட்டதற்கு, "இத்தினி வருசமா உங்க கையெழுத்தப் படிச்சவனுக்கு இது பெரிய வேலையா சார்" என்றார்.

ஆள் மாறியது ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. பத்து நாள் கழித்து மார்க்கெட் அம்மாள், கிழவர் இப்போதுதான் புரிகிற மாதிரி எழுதுகிறார் என்று சொல்லிக்கொண்டே வெண்டைக்காயை நிறுத்தாள். நான் அந்த வெண்டைக்காயை ருசித்துச் சாப்பிடவில்லை.

மூன்று மாதத்தில் நிரந்தர உத்தரவு வந்தது. மத்தியானத் தூக்கத்தைப் பற்றிய சுற்றறிக்கை ஏதோ ஒரு கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. திங்கட்கிழமைகளில் அச்சுக் கோப்பவரின் பத்தியை நான் மொழிபெயர்த்தேன். அவர் என்னைவிடக் காரம். நீர் அதிகமாகத் தேவைப்பட்டது. அதிகாரி வாங்கி, எண்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அறுபத்திரண்டில் ஊர் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்து முடிந்தது. பூரோ நேரத்தை மாற்றும் பேச்சு மறுபடி கிளம்பியது. அந்தச் சனிக்கிழமை பத்தியைப் படித்துக்கொண்டே வந்தவன் கடைசியில் நின்றுவிட்டேன். என் வரி. கூடவே ஒரு வால்.

'இந்த ஊரில் 12 மணிக்கு மேல் விழித்திருப்பவை 4. கடல், காக்கை, வெளியூரிலிருந்து வந்த அதிகாரி, அவர் எதிரே விக்கிக்கொண்டு நிற்கும் குமாஸ்தா.'

நேரே அச்சகத்துக்கு ஓடினேன். அச்சுக் கோப்பவர் நிதானமாகச் சொன்னார். அன்றைக்கு விளம்பரத்துக்காக எடுத்த அந்த வரியின் எழுத்துகளைப் பிரித்துப் போடாமல், நூலால் கட்டி அலமாரியில் வைத்திருந்தாராம். "நல்ல வரி சார், கலைக்க மனசு வரல. இந்த வாரம் எடம் இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு சேத்தேன்."

விக்குகிற குமாஸ்தா யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடாதா என்று கேட்டேன்.

"ஊருக்கு எப்படி சார் தெரியும். அதிகாரிக்கு வேணா தெரியும்" என்றார், ஆறுதல் சொல்கிற குரலில்.

திங்கட்கிழமை நான் செய்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். மொழிபெயர்ப்பில் அந்த வரியை விட்டுவிட்டேன். நிரந்தரம் ஆன ஆள்தான், இருந்தாலும் விட்டுவிட்டேன்.

அதிகாரிக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. அறையில் பாதிப் பொருள் கட்டப்பட்டிருந்தது. என்னைக் கூப்பிட்டு, பத்திரிகையில் ஓரிடத்தில் விரலை வைத்தார். மூன்று வருடமாகிறது, மறந்திருப்பார் என்று நினைத்திருந்தேன்.

"போன தடவை இல்லாததை எழுதினீர்கள். இந்தத் தடவை இருப்பதை விட்டுவிட்டீர்கள்" என்றார். விரல் கொஞ்சம் நகர்ந்து எண்ணின் மேல் நின்றது. "அன்றைக்கு 3 என்றுதானே இருந்தது. நாலாவது யார்?"

சொல்ல வாயைத் திறந்தேன். விக்கல்தான் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

அவர் எண்ணின் மேலிருந்த விரலை எடுத்தார். பிறகு தன் பக்கமிருந்த தண்ணீர்த் தம்ளரை என் பக்கம் நகர்த்தினார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டரை ஆகியிருந்தது.