தோட்டத்தின் வழியாக அம்மா வீட்டுக்கு

மருதையாற்றின் மேல் புதுப் பாலம் வந்ததும், பழைய ரயில் பாலத்தின் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வெறும் இரும்புச் சட்டம் சில வருஷம் வெயிலில் கிடந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் இரு கரை ஊர்க்காரர்களும் கமிட்டி போட்டு, அனுமதி வாங்கி, நடப்பதற்குக் கடப்பாக்கல் பாவினார்கள். ஓரமெல்லாம் செங்கல் பாத்தி கட்டி ஏரி வண்டலைக் கொட்டினோம். கொட்டினோம் என்றால் நானும்தான். கல்யாணமாகி இந்தக் கரைக்கு வந்த புதிது. கூடை கூடையாய்ச் சுமந்தேன். கமிட்டிக்காரர்கள் குரோட்டன்ஸ் வைக்கச் சொன்னார்கள்.

"அத என்ன, தலையிலயா வச்சுக்கறது?" என்று சொல்லிவிட்டுக் கனகாம்பரம் நட்டேன். அது பூத்ததும் 'பூக்களைப் பறிக்காதீர்' என்று அக்கரை முனையில் போர்டு வைத்தார்கள். எனக்கு வந்ததே கோபம்!

அதைவிடப் பெரிய கோபம் ஏழாம் மாதத்தில் வந்தது. என் அம்மா வீடு அக்கரையில், அரியலூர்ப் பக்கம். வளைகாப்பு முடிந்த மறுநாள் காலை, என்னை அழைத்துப் போக அம்மா பையோடு நின்றாள். மாமியார் ஒரே பிடியாய்ச் சொல்லிவிட்டார்.

"புள்ளத்தாச்சி ஆத்தத் தாண்டக் கூடாது. பிரசவம் இங்கயே ஆவட்டும்."

அம்மா முகம் செத்துப்போனது. முதல் பிரசவம், வலி வரும்போது அம்மா கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், எனக்கு அவ்வளவுதான். அழுதேன், கத்தினேன். கடைசியில் மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டேன்.

"அத்தே, தோட்டத்துக்குப் போலாம்ல?"

"அதுக்கென்ன, தாராளமா போ."

"அப்ப நான் நட்ட செடியெல்லாம் பாத்துக்கிட்டே போறேன். தோட்டம் எங்க முடியுதோ அங்க எறங்கிக்கிறேன்."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாயாடி!" என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, அவரே என் கையைப் பிடித்து முன்னால் நடந்தார். அம்மா பின்னால் வந்தாள்.

"கீழ பாக்காத. செடியப் பாத்து நட," என்று வழியெல்லாம் அதட்டினார். சொல்லிக்கொண்டே என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். கீழே தண்ணீர் ஓடும் சத்தம் நன்றாகவே கேட்டது. மூன்று பேரும் காதில் விழாதது போல நடந்தோம்.

போர்டுக்குப் பக்கத்தில் அத்தை நின்றார். ஒரு கொத்துக் கனகாம்பரத்தை ஒடித்து என் சடையில் செருகினார்.

"ஏம்மா, போர்டு!" என்று தோட்டக் காவல்காரர் அத்தையைப் பார்த்துக் கத்தினார்.

"தோட்டத்துக்கு வந்த புள்ள வெறுந்தலையோடவா போவும்?" என்று அத்தை திருப்பிக் கத்தினார்.

அப்புறம் என் கையை எடுத்து அம்மா கையில் வைத்தார்.