மூன்று சீட், நான்கு மாதம்

என் வீட்டுக்காரர் முப்பத்தோரு வருஷம் ஒரே ரோட்டில் கம்பெனி பஸ் ஓட்டினார். தூத்துக்குடியில் ஷிஃப்டு ஆட்களை ஏற்றித் தெற்கே தொழிற்சாலை வாசலில் இறக்க வேண்டும். அங்கே வேலை முடிந்து நிற்பவர்களை ஏற்றித் திரும்பத் தூத்துக்குடியில் இறக்க வேண்டும். வழியில் உள்ள உப்பளமும் உடைமரமும் கண்ணை மூடினாலும் அவருக்குத் தெரியும். எந்த நிறுத்தத்தில் யார் சாப்பாட்டுத் தூக்கோடு கடைசி நிமிஷத்தில் ஓடி வருவார் என்பது வரைக்கும் தெரியும். ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, "டீச்சரு, எவனும் காத்துக் கெடக்காத ரோட்டுல கொஞ்ச நாள் வண்டி ஓட்டணும்" என்றார்.

நான் டீச்சர்தான். நாசரேத்தில் படித்து, தூத்துக்குடியில் ஒரு மிஷன் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவள். கணக்கு டீச்சருக்கு உள்ள எல்லாக் கெட்ட குணமும் எனக்கு உண்டு. விடை இதுதான் என்று முடிவு செய்துவிட்டால் திரும்ப ஒரு தடவை வழியைச் சரிபார்க்க மாட்டேன். கோபம் வேறு மூக்கு நுனியில் நிற்கும். வீட்டிலும் அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ரொம்பப் பிரியம் வந்தால் மட்டும் ஏளா என்பார்.

ஒரு கல்லூரி கழித்துப்போட்ட பழைய பஸ்ஸை ஏலத்தில் எடுத்தோம். பைபாஸ் ரோட்டில் ஒரு பட்டறையில் நிறுத்தி, உள்ளே இருந்த சீட்டை எல்லாம் பிடுங்கி வீடாக மாற்றினோம். இரண்டு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, கூரை மேல் தண்ணீர் டேங்க். ஜன்னலுக்கு நானே திரைச்சீலை தைத்தேன். கிழக்குக் கடற்கரை ரோட்டைப் பிடித்து அப்படியே கல்கத்தா வரை போவதாகத் திட்டம். "அதுக்கு மேல எங்கன போகணும்னு வண்டி சொல்லும்" என்பார். மனுஷன் அறுபது வயதில் புதுமாப்பிள்ளை மாதிரி திரிந்தார்.

எல்லாம் முடிந்து கடைசியில் நின்றது டிரைவர் சீட்.

இதை டிரைவர் வீட்டில் வாழ்ந்தவர்களுக்குத்தான் புரியவைக்க முடியும். இரண்டு டிரைவர்கள் சந்தித்தால் சௌக்கியமா என்று கேட்பதில்லை, இடுப்பு எப்படி இருக்கு என்றுதான் கேட்பார்கள். அவர்களுக்கு எந்த வலி வந்தாலும் குற்றவாளி சீட்தான். தோள் வலித்தால் சீட் உயரம் சரியில்லை. கால் மரத்துப்போனால் சீட் விளிம்பு தொடையை அழுத்துகிறது. முப்பத்தோரு வருஷம் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அதுவே வேதவாக்காகிவிட்டது. எங்களுக்கு முதுகு வலி வந்தால் சீட் தைக்கிறவரிடம்தான் போவோம், டாக்டரிடம் போக மாட்டோம்.

முதலில் பஸ்ஸோடு வந்த சீட்டையே வைத்துக்கொண்டார். வெள்ளோட்டமாகத் துறைமுகம் வரை போய் வந்தவர், இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "முதுகுல சுள்ளுன்னு புடிக்கி" என்றார். கையை வைத்து அமுக்கிப் பார்த்தேன். பஞ்சு செத்துப்போய்க் கீழே கம்பி கையில் தட்டியது. எனக்கு விடை கிடைத்துவிட்டது.

வண்டிகளுக்குச் சீட் செய்கிற ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் ஏரல்காரர், நாற்பது வயது இருக்கும், நல்ல வேலைக்காரர். என் வீட்டுக்காரரை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, சட்டைக்கு அளவெடுப்பது மாதிரி முழங்காலிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து தோள் என்று அளவெடுத்தார். புது சீட் வந்து மாட்டியதும் இவர் அதில் உட்கார்ந்து, கண்ணை மூடி, கிளட்சை இருபது தடவை மிதித்துப் பார்த்தார். "சொகமாத்தான் இருக்கு" என்றார். பத்து நாள் கழித்து மறுபடியும் வலி.

"உக்காந்தா மட்டும் இல்ல டீச்சரு. படுத்தாலும் வலிக்கி."

"பகல் பூரா அதுல உக்காந்துகிட்டு இருந்தா படுக்கையில வலிக்காம என்ன செய்யும்?" என்றேன். கரும்பலகையில் எழுதிப்போடுவது மாதிரி அவ்வளவு உறுதியாகச் சொன்னேன். அவரும் ஆமாம் என்று தலையை ஆட்டினார். ஐயோ, அந்த இடத்தில் ஒரு நிமிஷம் யோசித்திருக்கக் கூடாதா நான்!

அடுத்தது காற்று சீட். துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்குகிற வண்டி ஒன்றைக் கழித்துப்போட்டபோது அதிலிருந்து கழற்றியது என்று அதே கடைக்காரர் கொண்டுவந்தார். கீழே ஒரு காற்றுப் பை இருக்கும். பள்ளத்தில் வண்டி விழுந்தாலும் அந்தப் பை ஏறி இறங்கிக்கொள்ளும், உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. என் வீட்டுக்காரருக்கு இவ்வளவு பெரிய ஏற்பாட்டில் இஷ்டமில்லை. "விமானமா ஓட்டப் போறேன்?" என்றார். நான்தான் வாங்கியே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். பிரேக்குக்குப் போகிற காற்றிலிருந்து ஒரு குழாய் இழுத்து மாட்டினார்கள். இவர் பொத்தானை அமுக்கி மேலே போய்க் கீழே வந்து, மாதா கோயில் திருவிழாவில் ராட்டினம் ஏறிய பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

அதுவும் இரண்டு வாரம்தான். வலி திரும்பவும் வந்தது. இடுப்பு பெல்ட்டுக்குப் புதிதாக ஒரு ஓட்டை போட்டார். வண்டிக் கவலையில் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அதற்கும் திட்டினேன். பிறகு அவரையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போய், இந்த சீட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு வேறு கொடுங்கள் என்று கேட்டேன்.

கடைக்காரர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். இறங்கி வந்தார். "டீச்சரம்மா, சீட்டுல ஒரு கொறையும் இல்ல. இதுக்கு மேல ஒசந்த சீட்டு கெடையாது. அண்ணாச்சிய ஒரு நல்ல டாக்டர்ட்ட காட்டுங்க" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "விக்கும்போது சீட்டு, திருப்பித் தந்தா டாக்டரா? நல்லாயிருக்கே ஒங்க யாவாரம்!" என்று கடை வாசலில் வைத்துக் கத்தினேன். லாரிக்காரர்கள் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் வந்து என் கையைத் தொட்டு, "வா, போவோம்" என்றார்.

பஸ்ஸைப் பட்டறையில் விட்டுவிட்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். பாதி வழியில், வெளியே பார்த்துக்கொண்டே, "ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவமா?" என்று கேட்டார்.

அவராகக் கேட்டார். காய்ச்சலுக்குக்கூட ஒரு மாத்திரை கேட்காத மனுஷன், வாயைத் திறந்து கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அந்த ஆளு சொன்னான்னு போகணுமா? போனா அவன் சொன்னது சரின்னு ஆயிரும். மொதல்ல சீட்டு. அப்புறம் பாப்போம்."

"சரி ஏளா" என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

அடுத்த இரண்டு மாதமும் அந்த சீட்டோடுதான் மல்லுக்கட்டினோம். சாய்வைக் கூட்டினோம், குறைத்தோம். பழைய டயர் டியூபில் தலையணை செய்து இடுப்புக்குக் கொடுத்தோம். வயர் பின்னிய விரிப்பு போட்டோம். ஒவ்வொரு தடவையும் "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "பரவாயில்ல டீச்சரு" என்பார். எனக்காகச் சொல்கிறார் என்று தெரியாத அளவுக்கு மண்டையில் களிமண்.

ஒரு நாள் ஏரல் போகிற ரோட்டில், நல்ல வெயிலில், நடுரோட்டில் வண்டி நின்றது. பின்னால் வந்த பஸ்கள் ஹாரன் அடித்துத் தள்ளின. அவர் இடது தொடையை இரண்டு கையாலும் தூக்கிக் கிளட்ச் மேல் வைக்கப் பார்த்தார். அது நழுவி விழுந்தது. மறுபடி தூக்கி வைத்தார், மறுபடி விழுந்தது.

"டீச்சரு, காலு வரமாட்டேங்கு" என்றார்.

திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். வேறு எங்கேயோ தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்கு வந்துவிட்டது என்றார்கள். டாக்டர் ஒரு சின்னப் பெண், என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். எத்தனை நாளாக வலி என்று கேட்டாள். நாலு மாதம் என்றேன்.

"நாலு மாசமா என்ன செஞ்சீங்க?"

"சீட் மாத்தினோம்" என்றேன்.

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. முன்னாலேயே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நானே கேட்டேன். கால் போகாமல் பார்த்திருக்கலாம், நாளும் கொஞ்சம் கூடக் கிடைத்திருக்கும் என்றாள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று விடாமல் கேட்டேன். ஒரு வருஷம் கிடைத்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். ஒரு வருஷத்தில் கல்கத்தாவுக்குப் போய்விட்டு நிதானமாகத் திரும்பி வரலாம்.

ஏழு வாரம் இருந்தார். அந்த ஏழு வாரத்தில் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வழக்கம்போல நான் சண்டையாவது போட்டிருப்பேன். அதற்கும் வழி வைக்காமல் போய்விட்டார்.

அடக்கத்துக்கு அந்தக் கடைக்காரர் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்துக்கு உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு, எல்லோரும் வெளியே வருமுன் போய்விட்டார். என் மேல் கோபம் இருக்கத்தானே செய்யும், அத்தனை பேர் முன்னால் அவமானப்படுத்தினவள் நான் என்று நினைத்துக்கொண்டேன். நான் கூடவே இருந்து பார்க்காததை அந்த மனுஷன் ஒரு பார்வையில் பார்த்துச் சொல்லியிருக்கிறார் என்ற எண்ணம் மட்டும் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. நாற்பது நாள் கழித்து, மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று அவர் கடைக்குப் போனேன்.

என்னைக் கண்டதும் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து, ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"அன்னைக்கு நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும் தம்பி" என்றேன். "நீங்க பாத்த உடனே கண்டுபிடிச்சிட்டீங்க. பக்கத்துலயே இருந்த எனக்குத் தெரியலை. என்னை மன்னிச்சிருங்க."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் ஒண்ணத்தையும் கண்டுபிடிக்கல டீச்சரம்மா" என்றார். "சீட்டத் திருப்பிக் கொண்டாருத எல்லாருகிட்டயும் நான் அப்படித்தான் சொல்லுவேன். டாக்டர்ட்ட காட்டுங்கன்னா கோவிச்சுக்கிட்டுப் போயிருவாங்க, சீட்டு திரும்பி வராது. அதுக்காகச் சொன்னதுதான். அண்ணாச்சிக்கு இப்படின்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

அப்படியென்றால் அன்றைக்கு நான் போட்ட கணக்கு சரி. தட்டிக்கழிக்கத்தான் சொல்லியிருக்கிறார். நூற்றுக்கு நூறு எனக்கு. அந்தச் சரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அவர் இன்னும் உட்காரவில்லை. "ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும்" என்றார். "நான் அப்படிச் சொல்லாம இருந்திருந்தா, அண்ணாச்சிய அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பியளோ? செய்தி கேட்டதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. அடக்கத்தன்னிக்குக்கூட ஒங்க மொகத்தப் பாக்கத் தைரியம் இல்லாமத்தான் வெளியவே நின்னுட்டேன்."

போயிருப்பேன். எனக்கு என்னைத் தெரியாதா? இந்தக் கடைக்காரர் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால், ஆட்டோவில் என் வீட்டுக்காரர் கேட்டதும் சரி என்று சொல்லி, அப்போதே வண்டியைத் திருப்பச் சொல்லியிருப்பேன். இவரிடம் தோற்கக் கூடாது என்றுதான் போகவில்லை.

"இல்ல தம்பி" என்றேன். "அவரு ஆஸ்பத்திரின்னாலே வரமாட்டாரு. நான் எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பாத்தேன். கேக்கலை."

அவர் அப்படியே தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, கழுத்தில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு எழுந்துபோய் எனக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்தார். வாய்விட்டுக் கேட்ட மனுஷனை வரமாட்டேன் என்று சொன்னவராக ஆக்கிவிட்டு, அந்த டீயைக் குடித்தேன்.