ஒற்றை மணிப் பிசுக்கன்

இன்று காலை குளியலறைப் பலகையில் பற்பசைக் குழாய் ஒன்று வயிறு கிழிந்து கிடந்தது. பிளேடால் நெடுக அறுத்து, உள்ளே ஒட்டியிருந்ததையெல்லாம் வழித்தெடுத்திருக்கிறார் என் வீட்டுக்காரர். பக்கத்திலேயே புதுக் குழாய், மூடிகூடத் திறக்காமல். அந்தக் கிராம்பு வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சித்தியின் குரல் கேட்டது.

எங்கள் பக்கத்தில் கஞ்சன், கருமி, உலோபி எல்லாம் பாடப்புத்தகத்தோடு சரி. வாயில் வருவது பிசுக்கன்தான். அதற்கும் மேலே அறுபிசுக்கன். 'அறு' ஒட்டிக்கொண்டால் ஆள் திருந்த வழியில்லை. செட்டு என்று இன்னொரு சொல் உண்டு. அது பாராட்டு, வீண்செலவு செய்யாதவன் என்று பொருள். கல்யாணப் பேச்சில் மட்டும் அதை நம்பக் கூடாது. 'கொஞ்சம் கோபக்காரர்' என்பதில் வரும் கொஞ்சத்தை நாம் நம்புகிறோமா என்ன?

இரண்டாயிரத்து எட்டு வாக்கில், ரீசார்ஜ் கூப்பனை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்த காலம். தக்கலையில் ஒரு ஜவுளிக்கடையில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். வரன் கொண்டுவந்த மாமா, பையன் மஸ்கட்டில் வேலை, நல்ல செட்டு என்றார். அவர் படியிறங்கியதும் சித்தி என் பக்கம் சாய்ந்தாள்.

"செட்டுன்னா பிசுக்கன்னு அர்த்தம் மக்கா. வரன் கொண்டுவாறவிய பெண்ணு வீட்டுல வந்து அப்படித்தான் மாத்திச் சொல்லுவாவ."

எனக்குப் பிறவியிலேயே சந்தேகக் கண். வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டு நீட்டினால் அந்த நோட்டை இன்னொரு தடவை திருப்பிப் பார்ப்பேன். ஆனாலும் நிச்சயம் நடந்துவிட்டது. அதன்பிறகு தினமும் சாயங்காலம், சர்ச் மணி ஓய்ந்த கையோடு என் போன் ஒரே ஒரு தடவை ஒலித்து அடங்கும். மிஸ்டு கால். கடையில் நிச்சயமான மற்ற பெண்களெல்லாம் காது சுடும்வரை பேசினார்கள். எனக்கு மட்டும் ஒற்றை மணி. நான் திருப்பிக் கூப்பிடட்டும் என்று பார்க்கிறாரா? மஸ்கட்டுக்கு, என் கூப்பனில்? இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சித்தியிடம் சொல்லிவிட்டேன். ஒரு தடவை பேசிப் பார்த்துவிட்டு முடிவைச் சொல் என்றாள். மனுஷர் பேசினால்தானே.

மறுநாள் பச்சைப் பொத்தானில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒலித்த மாத்திரத்தில் அமுக்கினேன். அந்தப் பக்கம் வெலவெலத்துப் போனது.

"எடுத்துட்டியா? நான் இருக்கேன்னு சொல்லதுக்குத்தானே அடிச்சேன். அதுக்குப் பேச்சு எதுக்கு?"

வைத்துவிட்டார். அறுபிசுக்கனேதான் என்று முடிவுகட்டினேன்.

மறுநாள் சர்ச் மணி அடித்தது, போன் அடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கல்யாணம் வேண்டாம் என்றவளுக்குப் பில் எல்லாம் தப்புத் தப்பாக வந்தது. காய்ச்சலா, விபத்தா, வேறு பெண்ணா என்று சந்தேகம் போகாத இடமில்லை. கடைசியில் எதிர்க்கடையில் கூப்பன் வாங்கிச் சுரண்டி, நானே மஸ்கட்டுக்கு அடித்தேன்.

"நீ எடுத்துருவியோன்னு பேடியாயிருந்து" என்றார். பேடி என்றால் எங்கள் பக்கம் பயம்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இனி எடுக்க மாட்டேன். நீங்க அடிங்க" என்றேன். என் சம்மதம் அவ்வளவுதான். ஆள் எப்படி என்று சித்தி கேட்டபோது, செட்டு என்றேன்.

இப்போது அவருக்கு ஆரல்வாய்மொழியில் காற்றாலை வேலை. பேச்சுக்கென்று தனிக் காசு இல்லை என்றானதும் மனுஷர் மாறிவிட்டார். பஸ்ஸில் நின்றபடி வந்ததையும் வழியில் விசாரித்த மீன் விலையையும் போனிலேயே சொல்லி முடித்துவிடுவார். சுரண்டும் கூப்பன் போயிற்று, ஒற்றை மணியும் போயிற்று என்றுதான் இருந்தேன்.

போன வாரம் ஒரு சாயங்காலம் போன் ஒரு தடவை ஒலித்து நின்றது. கையில் தோசை மாவோடு அப்படியே நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்தவரிடம் கேட்டதற்கு, கை தெரியாமல் பட்டிருக்கும் என்றார். நான் நம்பவில்லை. மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி அடித்தது. இதோ நிற்கும், இதோ நிற்கும் என்று எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கவே இல்லை. எடுத்தேன். பால் வாங்கணுமா என்று கேட்டார்.