பாரி வாங்கிக் கொடுத்த சிம்

கொளஞ்சிநாதனின் விரல்களில் ரேகை சரியாக விழாது என்பது அவன் தெரு ரேஷன் கடைக்காரருக்கே தெரியும். மீசை அரும்பிய வயதிலிருந்து விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பீங்கான் பியூஸ் கட்டை தேய்க்கிறவன் அவன். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த கட்டையின் பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துச் சூளைக்கு அனுப்ப வேண்டும். கட்டை வழவழப்பாகும்போது விரலும் சேர்ந்து வழவழப்பாகிவிடும். ரேஷன் கடை மெஷினில் ஒவ்வொரு விரலாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, "வூட்டுக்காரம்மாவ அனுப்பி வுடுய்யா" என்று அவர் சொல்ல, வெறும் பையோடு திரும்புவான்.

அதனால்தான் ரியாத்தில் அந்தக் கடையில் வைத்து, "ரேகை வுழலியாம் மாமா, திரும்ப வையுங்க" என்று பாரி சொன்னபோது அவனுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

பாரி அவனுடைய மனைவி இளமதிக்கு ஒரே தம்பி. கருவேப்பிலங்குறிச்சியில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவன், சவுதி போய் நாலைந்து வருடத்தில் ஆளே மாறிப்போனான். லீவில் வரும்போதெல்லாம் அக்கா வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, "எத்தினி நாளைக்கு மாமா இந்தப் பீங்கான் மாவுலயே கெடப்பீங்க? டைல்ஸ் குடோன்ல ஆளு கேக்குறாங்க. உங்களுக்குப் பழக்கமான சாமான்தான" என்பான். கொளஞ்சிநாதனுக்குப் போகும் ஆசை பெரிதாக இல்லை. ஆனால் யூனிட்டுகள் ஒன்றொன்றாக மூடிக்கொண்டு வந்தன. வாரத்தில் பாதி நாள்தான் வேலை இருந்தது. இளமதி வற்புறுத்தவில்லை. "என் தம்பி இருக்கான், என்னா பயம்?" என்று மட்டும் சொன்னாள்.

ரியாத் ஏர்போர்ட்டில் இறங்கியபோது பாரி காரோடு வந்து நின்றான். வந்திறங்கியவர்கள் எல்லாம் கண்ணாடிக் கடைகளில் வரிசையில் நின்று சிம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கொளஞ்சிநாதனும் அந்தப் பக்கம் நகர்ந்தான். வீட்டுக்குப் பேச வேண்டும். கிளம்பும்போது மகள் காய்ச்சலில் கிடந்தாள்.

"இங்க வாங்காதீங்க மாமா, கொள்ளையடிப்பானுங்க. பத்தா கடைத்தெருவுல நமக்குத் தெரிஞ்ச கடை இருக்குது. நான் வாங்கித் தரேன்" என்று தோளில் கை போட்டு அழைத்துப் போனான் பாரி.

பத்தா கடைத்தெருவில் நடந்தபோது நம் ஊர்க் கடைவீதியில் நடப்பது போலவே இருந்தது. எங்கு திரும்பினாலும் தமிழ்ப் பேச்சு. பாரி ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்து, மாமாவின் பாஸ்போர்ட்டை வாங்கி நீட்டினான். கடைக்காரனும் அவனும் அரபியில் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டார்கள். கொளஞ்சிநாதன் விரலை வைத்தான். விழவில்லை என்றார்கள். வைத்தான். மறுபடியும் விழவில்லை என்றார்கள். மூன்றாவது தடவை வைத்தபோது அவனுக்கே வெட்கமாகப் போய்விட்டது. "பீங்கான் தேய்ச்ச கை பாரி, அப்பிடித்தான் இருக்கும்" என்றான்.

"ஆயிட்டுது மாமா, ஆயிட்டுது" என்று சிம்மைப் போனில் போட்டுக் கையில் கொடுத்தான் பாரி.

கடை வாசலில் நின்றபடியே வீட்டுக்குப் பேசினான். மகளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. "அப்பா, ஒட்டகம் பாத்தியா?" என்று கேட்டாள். இளமதி அழுதாள். "தம்பி கூட இருக்கானா?" என்று அவள் கேட்டதற்கு, "பக்கத்துலதான் நிக்கிறான். சிம்மே அவன்தான் வாங்கிக் குடுத்தான்" என்றான்.

குடோனில் வேலை கடினம்தான், ஆனால் பிடித்திருந்தது. ஒரு டைல்ஸை விரலால் சுண்டிப் பார்த்தே கீறல் விட்டதைச் சொல்லிவிடுவான் என்று சூப்பர்வைசருக்கு அவன்மேல் பிரியம். வெள்ளிக்கிழமைகளில் பாரி பிரியாணிப் பொட்டலத்தோடு, தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்புக்கு வருவான். ஆறேழு மாதம் இப்படியே நல்லபடியாகப் போயிற்று.

ஒருநாள் காலை சாப்பாட்டு நேரத்தில் போலீஸ் வந்து அவனைக் கூட்டிப் போனது. எதற்கென்று தெரியவில்லை. ஸ்டேஷனில் மொழிபெயர்க்க ஒரு மலையாளி வந்தார். அவர் தமிழில் சொன்னதைக் கேட்டுத்தான் விஷயம் புரிந்தது. கொளஞ்சிநாதன் பேரிலும் விரலிலும் மூன்று சிம் இருக்கிறது. ஒன்று அவன் கையில். மற்ற இரண்டிலிருந்து யார் யாருக்கோ போன் போயிருக்கிறது. பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று ரகசிய நம்பரைக் கேட்டு வாங்கிப் பணத்தைச் சுருட்டியிருக்கிறார்கள். ஏமாந்தவர்களில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். அவர் எதிர் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். கொளஞ்சிநாதனைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. காறித் துப்ப எச்சில் இல்லாதவனின் பார்வை.

விரலை மூன்று தடவை வைக்கச் சொன்னது ஏன் என்று கொளஞ்சிநாதனுக்கு அப்போதுதான் விளங்கியது.

"சிம் வாங்க உன்னைக் கூட்டிட்டுப் போனது யாரு?" என்று மலையாளி கேட்டார். "அதைச் சொல்லிட்டா உனக்கு நல்லது."

பாரியின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. கூடவே கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கும் தன் மாமியார், ஒற்றை மகனை வைத்து ஓடும் அந்த வீடு, இளமதியின் முகம் எல்லாம் வந்தன. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், அதற்குள் பாரியே வந்து ஏதாவது வழி செய்வான் என்று நினைத்தான். "நானேதான் போனேன்" என்றான்.

மறுநாள் பாரி வரவில்லை. கேம்ப்பில் கூட இருந்த பெண்ணாடத்துக்காரன் தங்கதுரை மாற்றுத் துணியோடு வந்தான். வந்தவன் கண்ணைப் பார்க்காமல் பேசினான்.

"பாரி சொல்லச் சொன்னாப்ல. எம் பேர மட்டும் எடுத்துராதீங்க, ரெண்டு பேரும் உள்ள போயிட்டா குடும்பத்த யாரு பாக்குறது, நான் வெளிய இருந்து எடுத்து வுடுறேன்னாப்ல."

"எடுத்து வுடுறேன்னானா?"

"அப்பிடித்தான் சொன்னாப்ல."

அதை நம்பி இருந்தான். கோர்ட்டில் நிறுத்தியபோதும் வாயைத் திறக்கவில்லை. ஒரு வருடம் என்றார்கள். உள்ளே போன பிறகு பாரி ஒரு முறைகூட எட்டிப் பார்க்கவில்லை. முதல் சில மாதம், வருவான் என்று இருந்தான். பிறகு, வந்தால் கழுத்தைப் பிடித்துவிடலாம் என்று இருந்தான். கடைசியில் வராமல் இருந்தாலே தேவலை என்று ஆகிவிட்டது. தண்டனை முடிந்ததும் எல்லா விரல் ரேகையையும் பதிந்துகொண்டு, இனி இந்த நாட்டுக்குள் வரக்கூடாது என்று விமானம் ஏற்றிவிட்டார்கள். அந்த மெஷினில் மட்டும் பத்து விரலும் முதல் தடவையிலேயே விழுந்தன. உப்புத்தாளைத் தொட்டு இரண்டு வருடம் ஆகப்போகிறது, ரேகை வளர்ந்துவிட்டிருந்தது.

ஊரில் அவனுக்கு முன்னாலேயே கதை வந்து சேர்ந்திருந்தது. காசுக்கு ஆசைப்பட்டு சிம்மை வாங்கித் திருட்டுக் கும்பலுக்கு விற்றானாம், மச்சான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லையாம். டீக்கடையில் யாரும் முகத்துக்கு நேராகக் கேட்கவில்லை. அவன் பெஞ்சில் உட்கார்ந்தால் மேஜைமேல் இருக்கும் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். பழைய யூனிட் முதலாளி மட்டும் பழக்கத்துக்காகச் சேர்த்துக்கொண்டார்.

இளமதி ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள். அவள் கேட்காததே அவனுக்குப் பெரிய பாரமாக இருந்தது. அவளும் அந்தக் கதையை நம்பிவிட்டாள் என்றுதான் நினைத்தான்.

அந்த வருடம் பாரி லீவில் வருவதாகத் தகவல் வந்தது. மகளுக்குத் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த காதுகுத்தை மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் வைத்துவிடலாம் என்றாள் இளமதி. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும். கொளஞ்சிநாதன் கையிலிருந்த சோற்றை உதறிவிட்டு எழுந்தான்.

"அதே கோயில்ல நான் உன் தம்பி மேல பிராது கட்டப் போறேன். பேரு, ஊரு, செஞ்சது எல்லாத்தயும் எழுதி முனியப்பர் சன்னதியில கட்டிட்டு வரேன். சாமி கேக்கட்டும்" என்றான். பிறகு கடையில் நடந்ததை, விரல் வைத்ததை, தங்கதுரை வந்து சொன்னதை, எல்லாவற்றையும் கொட்டினான்.

இளமதி சிந்திய சோற்றைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்னா தெரியும்?"

"நீங்க உள்ள போன வாரமே அவன் போன் பண்ணி அழுதான். கால்ல வுழாத குறையா எல்லாத்தயும் சொல்லிட்டான்."

எழுந்தவன் எச்சில் கையோடு மறுபடி உட்கார்ந்தான்.

"தெரிஞ்சா மட்டும் நான் என்னாங்க பண்ணியிருக்க முடியும்?" என்று அவளே தொடர்ந்தாள். "அவன் பேரச் சொன்னா அவனும் உள்ள. எங்கம்மாவுக்கு யாரு, உங்க மவளுக்கு யாரு? நீங்க இல்லாத நாள்ல இந்த வூட்டுல அடுப்பு எரிஞ்சது அவன் அனுப்புனதுலதான். நான் வாங்கித் தின்னேன். உங்க பொண்ணுக்கும் போட்டேன்."

"ஊருல என்னயத் திருடன்னு பேசுறாங்க. நீ ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லல" என்றாள் இளமதி.

அவன் பிராது கட்டவில்லை. யார்மேல் கட்டுவது, எத்தனை பேர் பெயரை எழுதுவது என்று தெரியவில்லை. காதுகுத்து நாளும் வந்தது. கோயில் மரத்தடியில் சமுக்காளம் விரித்து உறவெல்லாம் கூடியிருந்தது. பாரி பட்டு வேட்டியில், தட்டில் தோட்டோடும் பாவாடை சட்டையோடும் வந்தான். "மாமா, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்று காதருகில் சொல்லிவிட்டுப் போய்ப் பலகையில் உட்கார்ந்து, "வா தங்கம்" என்று இரண்டு கையையும் நீட்டினான்.

கொளஞ்சிநாதன் மகளின் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அவன் மடி வேணாம். என் மடியில வச்சிக் குத்துங்க."

மாமியார்தான் முதலில் கத்தினாள். "ஜெயிலுக்குப் போயிட்டு வந்த மனுசன் எம் மவனச் சபையில அசிங்கப்படுத்துறானே!" யாரோ அவன் தோளைப் பிடித்து இழுத்தார்கள். ஏன் என்று அப்போது ஒரே ஒருவர் கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பான். யாரும் கேட்கவில்லை. குடித்திருக்கிறான் என்றார்கள். பாரி தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனான். அவன் போன விதத்தைப் பார்த்தவர்கள் அவன்மேல்தான் இரக்கப்பட்டார்கள். கருவேப்பிலங்குறிச்சி உறவு மொத்தமும் இலையில் உட்காராமல் வேன் ஏறியது. தட்டார் அவசர அவசரமாகக் குத்தினார். அப்பன் மடியில் மகள் அலறினாள். இளமதி பிள்ளைக்குப் பின்னால் கல்லாட்டம் நின்றாள்.

பாரி அதோடு பணம் அனுப்புவதை நிறுத்திக்கொண்டான். இரண்டு மாதம் பார்த்துவிட்டு இளமதி, கணவன் வேலை செய்யும் யூனிட்டிலேயே தேய்ப்பு வேலைக்குச் சேர்ந்தாள். எதிரெதிர்ப் பலகை. இருவர் தலையிலும் ஒரே வெள்ளை மாவு. மதியம் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிடுகிறார்கள். பேச வேண்டியதை மட்டும் பேசிக்கொள்கிறார்கள்.

அவள் போனுக்கு மட்டும் மாதம் தவறாமல் ரீசார்ஜ் ஏறிவிடுகிறது. யார் போடுகிறார்கள் என்று அவன் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை.