ஸ்டீரிங்குக்குள் கறுப்பர்

முட்டாள்தனத்தில் எனக்கு ஏழு வயதிலேயே நல்ல தேர்ச்சி இருந்தது. ஒரு காரின் ஸ்டீரிங் குழாய்க்குள் பேரிங் குண்டு ஒன்றைப் போட்டுவிட்டு, அது உருண்டு முன்சக்கரம் வழியாக வெளியே வந்துவிடும் என்று நம்பி, டயருக்குக் கீழே இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தவன் நான். மேலே திருப்பினால் கீழே சக்கரம் திரும்புகிறதே, அப்படியென்றால் நடுவில் வழி இருக்கத்தானே வேண்டும்? இதே மூளைதான் பிற்பாடு கணக்கில் என்னை இரண்டு முறை ஃபெயிலாக்கியது.

கார் அம்மாவின் அப்பாவுடையது. அவரை ஐயா என்போம். குடுமியான்மலைப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு வாய்த்த ஒரே பழைய காலத்துப் பிளசர் கார். பல வருஷமாகக் கொட்டகையில் கோழிகள் முட்டையிட்டுக் கொண்டிருந்த அதை, மாமா, அதாவது அம்மாவின் தம்பி, லீவு போட்டு வந்து பிரித்துப் போட்டுச் சரிசெய்துகொண்டிருந்தார். மாமா ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு மெக்கானிக். கரையில் நின்றபடியே எஞ்சின் சத்தத்தைக் கேட்டு எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று பேர். விளையாட எனக்கு அந்தப் பேரிங் குண்டுகளைக் கொடுத்ததும் அவர்தான்.

கார் தயாரானதும் விற்றுவிடுவது, அந்தப் பணத்தில் மாமாவைக் குவைத்துக்கு அனுப்புவது என்று ஐயா முடிவு செய்திருந்தார். கல்யாண வீடுகளுக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடும் காரைக்குடிக்காரர் ஒருவர் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. மாமா குவைத்திலிருந்து வரும்போது எனக்கு ரிமோட் கார் என்பதும் பேசி முடிந்திருந்தது.

ஸ்டீரிங் வளையத்தைக் கழற்றிப் பெயிண்ட் அடித்துக் காயவைத்திருந்த நாளில்தான் நான் குண்டைப் போட்டது. மறுநாள் மாமா வளையத்தை மாட்டி ஒரு சுற்றுத் திருப்பினார். உள்ளே 'டக்' என்றது.

அன்றிலிருந்து எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. மாமா காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக் காதைக் கொடுப்பார். நான் டிரைவர் சீட்டில் நின்று திருப்ப வேண்டும்.

"இங்கிட்டுத் திருப்பு மாப்ள. இப்ப அங்கிட்டு. மெதுவாடா, ரூட் பஸ்ஸா ஓட்டுற?"

உண்மையைச் சொன்னால் முதுகு வீங்கும் என்பது சின்னப் பயம். சீட்டு போய்விடும் என்பது பெரிய பயம். வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன், நகராத காரை.

மாமா முதலில் சக்கரங்களை இணைக்கும் ராடுகளின் மூட்டுகளைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை. ஸ்டீரிங் பாக்ஸின் போல்ட்டுகளை இறுக்கினார். 'டக்.' பாக்ஸில் ஆயில் மாற்றினார். 'டக்.' நாலாம் நாள் குழாயையே கழற்றப்போவதாகச் சொல்லி, என் கையில் தூக்குவாளியைக் கொடுத்து டீ வாங்க அனுப்பினார். செத்தோம் என்று நினைத்தேன். பாதி டீயை வழியெல்லாம் சிந்திக்கொண்டு திரும்பி வந்தால், எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். "திருப்பு மாப்ள." திருப்பினேன். 'டக்.' என் குண்டின் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு மாமா, குழாயின் மேல்முனையில் இருக்கும் புஷ் என்கிற வளையம்தான் தேய்ந்துவிட்டது என்றார். வாங்கக் கறம்பக்குடிக்குப் போனார். புது புஷ் போட்டும் சத்தம் நிற்கவில்லை. அளவு சரியில்லை என்று மறுபடியும் கறம்பக்குடி. கறம்பக்குடியில் நல்ல சந்தை உண்டு. பழைய காருக்குச் சாமான் விற்கும் கடையை மட்டும் நான் இன்றுவரை அங்கே பார்த்ததில்லை.

"புஷ்சு வாங்கப் போறவனுக்கு எதுக்குடா சென்ட்டு?" என்றாள் அம்மா.

"கடைக்காரர் மதிக்கணும்ல அக்கா."

பதினாறாம் நாள் காரைக்குடிக்காரர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார், இன்றைக்கு முடிவு தெரியாவிட்டால் வேறு கார் பார்த்துக்கொள்வதாக. ஐயா குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வந்தார். விசைப்படகு எஞ்சினுக்கே வைத்தியம் பார்க்கிறவனுக்குப் பிடிபடாத சத்தம் மனுஷர் சத்தமாக இருக்க முடியாது என்பது அவர் கணக்கு. டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பானெட்டின் மேல் சூடம் கொளுத்தி, எங்கள் குலதெய்வத்தைக் கூப்பிட்டார்.

"கறுப்பா, இந்த வண்டிய விக்கக் கூடாதுன்னா ஒரு சத்தம் குடுப்பா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சீட்டில் நின்றபடி ஸ்டீரிங்கைப் பிடித்தேன். சத்தம் வந்தால் குவைத் போச்சு, மாமாவின் வாழ்க்கை போச்சு, என் ரிமோட் காரும் போச்சு. சத்தம் வராதபடி மெள்ள, நூல் நூலாகத் திருப்பினேன்.

"நல்லாத் திருப்பு மாப்ள, சாமி காரியம்" என்றார் மாமா.

'டக்.'

ஐயாவின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே போயின. போனை எடுத்து, "எங்க கறுப்பர் சம்மதிக்கலைங்க" என்றார். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. அம்மா மூக்கைச் சிந்தினாள். மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நின்றார். தோள்கள் குலுங்கின. ஓர் ஆம்பளையை அப்படி அழவைத்துவிட்டேனே என்று அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

ஒரே வாரத்தில் சத்தம் தானாக நின்றுபோனது. கறுப்பர் மனம் குளிர்ந்துவிட்டார் என்றார் ஐயா. மாமா குவைத்துக்குப் போகவில்லை, மெயின் ரோட்டில் சொந்தமாக ஷெட் போட்டார். அடுத்த வைகாசியில் அதே காரில் மாமாவோடு மாலையும் கழுத்துமாக அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். கறம்பக்குடிப் பொண்ணு. அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கூட்டல் கணக்கிலும் நான் சுமார்தான்.

ஆனால் குவைத்திலிருந்து வந்த யாராவது ஊரில் மாடி வீடு கட்டினால் எனக்கு நெஞ்சில் அந்தக் குண்டு உருளும். இருபது வருஷம் உருண்டது. போன மாதம் தாங்க முடியாமல் ஷெட்டுக்குப் போனேன். மாமா அதே காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். குண்டு போட்டது, டயருக்கடியில் கை ஏந்தியது, சத்தம் வராமல் திருப்பப் பார்த்தது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "ஒங்க பொழப்பையே கெடுத்துட்டேன் மாமா" என்றேன்.

மாமா துடைப்பதை நிறுத்தவில்லை.

"நீ டீ வாங்கப் போனப்ப எடுத்தேன், பாத்தேன், திருப்பி உள்ள போட்டேன்."