நோணாங்குப்பம் பாலத்தில் பறந்த கல்யாணப் பத்திரிகை

ஐந்தாறு வருடங்களுக்கு முன், ஒரு தை மாத முகூர்த்த நாள் காலையில், முத்தியால்பேட்டையிலிருந்து தவளக்குப்பம் போகும் வழியில் நடந்தது இது.

அப்போது நான் வீட்டு மாடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருட மாடி. விமானம் எப்படிப் பறக்கிறது என்று சொல்லும் நாளில் மட்டும் என் குரலே மாறிவிடும் என்பாள் மனைவி. அதற்கென்று ஒரு கதை வைத்திருந்தேன். இரண்டு நண்பர்கள் மணிக்கூண்டிலிருந்து ஒரே நேரத்தில் புறப்படுகிறார்கள். ஒருவன் நேராக மிஷன் வீதி வழியே போகிறான். இன்னொருவன் கடற்கரைச் சாலையைச் சுற்றிக்கொண்டு போகிறான். இருவரும் தாவரவியல் பூங்கா வாசலில் ஒரே நேரத்தில் சந்திப்பதாகப் பேச்சு. சுற்றிப் போகிறவன் ஓடித்தானே ஆகவேண்டும்? அப்படித்தான் இறக்கையின் வளைந்த மேல்பக்கத்தில் தூரம் அதிகம். அங்கே காற்று ஓடுகிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும். கீழேயிருக்கும் காற்று இறக்கையை மேலே தள்ளிவிடும். இதைச் சொல்லிவிட்டு சாக்பீஸ் தூளைத் தட்டியபடி ஒரு நிமிடம் நிற்பேன். யாரும் கைதட்டியதில்லை. ஆனாலும் அதற்கான அவகாசத்தைக் கொடுத்துவிடுவேன்.

அந்த மாடியில் படித்தவர்களில் என் மனைவியின் தங்கை மகளும் ஒருத்தி. விமானியாகப் போகிறேன் என்று வெளிமாநிலத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்திருந்தாள். உறவில் ஒரு கல்யாணத்துக்காக நான்கு நாள் லீவில் வந்தவளின் முகம் சரியாக இல்லை. கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் முதல் முறை தனியாக விமானம் ஓட்டிவிட்டார்களாம். இவளுக்கு மட்டும் பயிற்றுநர் அனுமதி தரவில்லை. தரையிறங்கும்போது விமானம் கீழே போகிறதே என்று பயந்து அதன் மூக்கைத் தூக்கிக்கொண்டே போகிறாளாம். ‘இறக்கை எப்படித் தூக்குகிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி சொல், பிறகு தனியாகப் போ’ என்றிருக்கிறார். இன்னும் ஒரு வாய்ப்புதான். அதிலும் திணறினால் மூட்டை கட்டவேண்டியதுதான்.

எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். கேள்வி என் பேட்டைக்கே வந்துவிட்டது. அன்று மாலையே அவளைக் கரும்பலகை முன் உட்காரவைத்து, இரண்டு நண்பர்களையும் மணிக்கூண்டிலிருந்து கிளப்பினேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

“பெரியப்பா, ஒண்ணு கேக்கட்டா? அவங்க ரெண்டு பேரும் ஏன் ஒரே நேரத்துக்குப் போய்ச் சேரணும்?”

“அப்படித்தான் பேசி வச்சிருக்காங்க.”

“அது மனுஷங்க. காத்து எப்பப் பேசி வச்சுது?”

இருபத்திரண்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. நானும் கேட்டுக்கொண்டதில்லை. “மேல வளைவு இருந்தாத்தான் தூக்கும். தட்டையா இருந்தா தூக்காது. நாளைக்கே நிரூபிச்சுக் காட்டறேன்” என்றேன், கொஞ்சம் சத்தமாக. ஆதாரம் கைவசம் இல்லாதபோது எனக்குக் குரல் உயர்ந்துவிடும்.

மறுநாள் காலை மனைவி தன் தங்கையோடு பஸ்ஸில் முன்னால் கிளம்பினாள். “பத்திரிகைய மறக்காம எடுத்துக்கினு வாங்க. மண்டபம் பேரு அதுலதான் இருக்குது.” நான் மறக்கவில்லை. பலகை மாதிரி கெட்டியான பத்திரிகை அது. என் சோதனைக்கென்றே அச்சடித்தது போல இருந்தது. முதலில் தட்டையாகப் பிடித்து எழும்பாது என்று காட்டுவது. பிறகு வளைத்துப் பிடித்து எழும்பும் என்று காட்டுவது. திட்டம் அவ்வளவுதான்.

அவள் ஸ்கூட்டியை ஓட்ட, பட்டுவேட்டி சகிதம் பின்னால் உட்கார்ந்து, வலது கையைப் பக்கவாட்டில் நீட்டிப் பத்திரிகையைப் பிடித்தேன். முன்விளிம்பைக் கொஞ்சம் உயர்த்தியதும் தட்டை அட்டை என் கையை மேலே தூக்கியது. கையைக் கீழே இழுத்தேன். மறுபடி தூக்கியது. அறிவியல் என்னை இவ்வளவு மரியாதையில்லாமல் நடத்தியதில்லை.

முதலியார்பேட்டை சிக்னலில் சிவப்புத் தொப்பிக் காவலர் நிறுத்தினார்.

“இன்னா சார், அங்கேருந்து கைய நீட்டிக்கினே வரீங்க. எங்கதான் திரும்பப் போறீங்க?”

“திரும்பல சார். இறக்கை…”

அவர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். “ஏம்மா, வீட்ல பெரியவங்க யாரும் இல்லியா?”

“இவருதான் சார் பெரியவரு” என்றாள் அவள். அவர் பரிதாபப்பட்டு அனுப்பிவைத்தார்.

நோணாங்குப்பம் பாலத்துக்கு முன் வண்டியை நிறுத்தி, “நீங்க ஓட்டுங்க, நான் புடிக்கறேன்” என்றாள். காயலின் மேல் காற்று சீராக வந்துகொண்டிருந்தது. கீழே படகுக்குழாமிலிருந்து ஒரு படகு கிளம்பிக்கொண்டிருந்தது. நான் வழக்கமாக ஓட்டும் வேகத்தில் சைக்கிள்களே என்னை முந்தும்.

“வேகம் பத்தல பெரியப்பா, தூக்க மாட்டேங்குது. சரி, இன்னும் சாய்க்கறேன். ம்… இப்பத் தூக்குது. இன்னும் கொஞ்சம்… இன்னும்…”

அட்டை படபடவென்று உதறியது. “போச்சு!” என்றாள். வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தேன். பத்திரிகை கைப்பிடிச் சுவரைத் தாண்டி, மணமக்கள் பெயரோடும் மண்டபத்தின் பெயரோடும் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் அதைப் பார்க்கவே இல்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“புரிஞ்சுட்டுது பெரியப்பா. சாய்ச்சா காத்தக் கீழ தள்ளுது, அதனால அது மேல போகுது. வேகம் குறைஞ்சா இன்னும் சாய்க்கணும். ஆனா ஒரு அளவுக்கு மேல சாய்ச்சா, மேல ஒட்டிக்கினு வர்ற காத்து பிய்ச்சிக்குது. அவ்ளோதான், தூக்கறது போய்டுது. நான் இறங்கும்போது பண்றது இதத்தான். கீழ போவுதேன்னு மூக்கத் தூக்கறேன். அப்ப மூக்க இறக்கித்தான் வேகத்தப் புடிக்கணும்.”

தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனவள், கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். “அந்த ரெண்டு பேர் கதையத்தான் அங்க சொன்னேன். கிளாஸே சிரிச்சுது. மேல போற காத்து நெஜமாவே வேகமாத்தான் போவுதாம். ஆனா கீழ வர்றவனுக்காகக் காத்திருக்காதாம், முன்னாடியே போய்ச் சேர்ந்துடுமாம். எவன் சொல்லிக் குடுத்தான் இதன்னு எங்க வாத்தியார் கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“ஞாபகம் இல்லன்னுட்டேன்.”

முந்தின நாள் மாலை அதே கதையை நான் மறுபடி அளந்தபோது, தெரிந்துகொண்டேதான் அவள் கடைசிவரை கேட்டிருக்கிறாள்.

பிறகு தவளக்குப்பத்தில் கண்ணில் பட்ட முதல் மண்டபத்தில் நுழைந்து, முன்பின் தெரியாத ஒரு மாப்பிள்ளைக்குக் கைகொடுத்து வாழ்த்திவிட்டு, மனைவியின் போன் வந்தபிறகு சரியான கல்யாணத்துக்குப் போனோம். மனைவி சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் அவள் போன் செய்தாள். “பெரியப்பா, தனியாப் போயிட்டு வந்துட்டேன். ஒரு ரவுண்டு அடிச்சு இறக்கிட்டேன். மூக்கத் தூக்கல.” எதிர்முனையில் அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இந்த முனையிலும் அதே நிலைமைதான்.

அதற்கப்புறம் பழைய மாணவர்கள் யாரைப் பார்த்தாலும் திருத்தம் சொல்லத் தொடங்கினேன். இப்போது பேங்க் மேனேஜராக இருக்கும் ஒருவன் என்னை முடிக்கவே விடவில்லை. “சார், உங்க கிளாஸ்ல எனக்கு ஞாபகம் இருக்கறதே அந்த ரெண்டு பேருதான். அவங்கள விட்டுடுங்க சார்” என்றான்.

மாடி இப்போது காலியாக இருக்கிறது. கரும்பலகையில் துணி காய்கிறது. அவள் பெரிய விமானங்களில் பறக்கிறாள். நோணாங்குப்பம் பாலத்தில் யாருடைய வண்டியிலாவது பின்னால் உட்கார்ந்து போனால் என் கை இன்றும் தானாக வெளியே நீளும். பின்னால் வரும் ஆட்டோக்காரர்கள் குழம்பித் திட்டுவார்கள். உள்ளங்கையைக் காற்று தூக்கும்போதெல்லாம், இத்தனை வருடம் என் பாடத்தைக் கேட்காமலே ஒழுங்காகப் பறந்த அத்தனை இறக்கைகளையும் விட, வகுப்பே சிரித்தபோது என் பெயரைச் சொல்லாமல் நின்றாளே அவள், அதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.